ஓசியில் கிடைப்பதைக் காசுக்கு விற்பவர்!

எந்த ஃபோன் வாங்கினாலும் உள்ளே ஒரு கால்குலேட்டர் ஓசியில் வருகிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் உண்டு. ஒருத்தர் அதே கால்குலேட்டரை ஓர் ஆப்பாகச் செய்து, 10 டாலர் விலை வைத்து விற்கப் போகிறேன் என்று உங்களிடம் வந்து சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? ‘நல்ல டாக்டரா பாருங்க சார்’ என்பீர்கள்.

அந்த ஆசாமியின் பெயர் ஜேம்ஸ் தாம்சன். ஸ்காட்லாந்துக்காரர். ‘பி-கால்க்’ என்ற அந்தக் கால்குலேட்டரை அவர் முதலில் வெளியிட்டது 1992 டிசம்பரில், மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக. நம்மூரில் ‘ரோஜா’ ரிலீஸான வருஷம். இந்தியாவில் செல்போன் மணி அடிக்கவே இன்னும் இரண்டரை வருஷம் பாக்கி. பிறகு ஐபோன் வந்தது, ஐபேட் வந்தது, கையில் கட்டும் வாட்ச் வந்தது. மனுஷர் எல்லாவற்றிலும் தன் கால்குலேட்டரை ஏற்றிவிட்டார். 30 வருஷத்துக்கு மேலாக அதே சரக்கு, அதே கடை.

நடுவில் கொஞ்ச காலம் ஆப்பிள் கம்பெனியிலேயே வேலை பார்த்தார். மேக் கம்ப்யூட்டரில் திரைக்குக் கீழே ஐகான்கள் வரிசையாக நிற்குமே, ‘டாக்’ என்பார்கள், அதன் ஆரம்ப வடிவத்தை எழுதியது இவர்தான். அயர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு எழுதினார். அந்த ஆள் கலிஃபோர்னியாவுக்கு வந்தே ஆகவேண்டும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். தாம்சன் வரவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கால்குலேட்டருக்குத் திரும்பினார். ஜாப்ஸுக்கே ‘ஸாரி சார்’ சொன்ன கால்குலேட்டர் என்று விளம்பரம் போட்டிருக்கலாம். போடவில்லை.

சரி, யார் இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? அங்கேதான் சூட்சுமம். 2-ஐயும் 3-ஐயும் கூட்ட நீங்களும் நானும் 2, +, 3 என்று தட்டுவோம். சில பேர் 2, 3, + என்று தட்டுவார்கள். குறியைக் கடைசியில் போடுகிற இந்த முறை 1972-ல் வந்த ஹெச்.பி. பாக்கெட் கால்குலேட்டரால் இன்ஜினீயர்களிடையே பரவியது. பழகியவர்களுக்கு வேறு எதுவும் சரிப்படாது. இடது கைக்காரரிடம் வலது கைக் கத்திரிக்கோலைக் கொடுத்த மாதிரி முழிப்பார்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களோ 16-ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கு வேண்டும் என்பார்கள். இன்னும் சிலர் பட்டன்களை இஷ்டத்துக்கு இடம் மாற்ற வேண்டும் என்பார்கள். ஓசிக் கால்குலேட்டர் இவர்களையெல்லாம் சட்டை செய்வதில்லை. தாம்சன் செய்கிறார்.

உலகத்தில் இப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஒரு மனுஷன் சாப்பிட அந்தக் ‘கொஞ்சம் பேர்’ போதும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்து ‘நாமும் ஒரு ஆப் செய்தால் என்ன?’ என்று யோசிக்கும் எல்லோரும் முதலில் பார்க்கவேண்டியது இந்தக் கணக்கைத்தான். துரதிர்ஷ்டம், எல்லோரும் பார்ப்பது லாட்டரிக் கணக்கை!

லாட்டரிக் கதைகளுக்கும் குறைவில்லை. அமெரிக்காவில் ஈதன் நிக்கலஸ் என்று ஒருத்தர். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை. குழந்தை பிறந்ததில் ஏறிய ஆஸ்பத்திரி பில், வீட்டுக் கடன் தவணை என்று கழுத்தைப் பிடித்த நேரம். பகலில் ஆபீஸ், ராத்திரியில் வீட்டில் புரோகிராம். ஒரு கையில் ஒரு வயசுப் பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டித் தட்டியே ஆறு வாரத்தில் ‘ஐ-ஷூட்’ என்ற டாங்கிச் சண்டை விளையாட்டை முடித்தார். 2008 அக்டோபரில் கடைக்கு வந்தது. கொஞ்சம் விற்றது, அப்புறம் படுத்துவிட்டது.

2009 ஜனவரியில் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், அதுதான் கில்லாடித்தனம். விளையாட்டின் ஒரு சின்ன வடிவத்தை இலவசமாக விட்டார். உள்ளேயே ‘முழுசா விளையாட 3 டாலர்’ என்று ஒரு போர்டு. திருநெல்வேலி அல்வாக் கடையில் வாசலில் நிற்கிறவர் கையில் இலையில் கொஞ்சம் வைத்துக் கொடுப்பார்களே, அதே டெக்னிக்! இலவசத்தை இறக்கியவர்கள் 24 லட்சம் பேர். அதில் காசு கொடுத்து முழு அல்வா வாங்கியவர்கள் 3,20,000 பேர் என்று அவரே சொன்னார். ஒரே நாளில் 37,000 டாலர் வந்ததும் வேலைக்குக் கும்பிடு போட்டார். கவனியுங்கள், பணம் வந்த பிறகுதான் கும்பிடு.

இன்னொருத்தர், வியட்நாமில் ஹனோய்க்காரர், டாங் நுயென். பகலில் டாக்ஸிகளுக்கு வழிகாட்டும் கருவிக்கு புரோகிராம் எழுதும் வேலை. ஒரு லீவு வார இறுதியில் ‘ஃப்ளாப்பி பேர்ட்’ விளையாட்டை எழுதி 2013 மே மாதம் வெளியிட்டார். ஒரு குருவி, சில பச்சைக் குழாய்கள், அவ்வளவுதான். மாதக் கணக்கில் சீந்துவாரில்லை. 2014 ஜனவரியில் எப்படியோ பற்றிக்கொண்டது. விளம்பர வருமானம் மட்டும் ஒரு நாளைக்கு 50,000 டாலர்! பிப்ரவரியில் ‘என் நிம்மதியே போச்சு’ என்கிற தோரணையில் கடையிலிருந்தே எடுத்துவிட்டார். ஏன் பற்றிக்கொண்டது என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை நம்பி எப்படி சார் ராஜினாமா கடிதம் எழுதுவது?

சரி, எல்லோரும் விரும்பும்படி பிரமாதமாக ஒன்றைச் செய்துவிட்டால்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2014 பிப்ரவரியில் ‘த்ரீஸ்’ என்ற எண் விளையாட்டு வெளியானது. இரண்டு பேர் சேர்ந்து 14 மாதம் செதுக்கியது. விலை 2 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. அடுத்த மாதமே இத்தாலியில் கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயசுப் பையன் கிட்டத்தட்ட அதே பாணியில், ஒரு வார இறுதியில், ‘2048’ என்று ஒன்றைச் செய்து இலவசமாக விட்டுவிட்டான். உலகம் முழுக்க ‘2048’ ஆடியது. ‘த்ரீஸ்’ செய்தவர்கள் வெறுத்துப்போய், தாங்கள் மாதக் கணக்கில் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கொண்ட மெயில்களை எல்லாம் அப்படியே வெளியிட்டார்கள். எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா என்று காட்டத்தான். பாவம், கஷ்டத்துக்கு யார் மார்க் போடுகிறார்கள்? எல்லோருக்கும் பிடிக்கிற சரக்கை எல்லோரும் காப்பியடிப்பார்கள். காப்பியடிக்கிறவன் ஓசியிலும் கொடுப்பான்.

ஆகவே சின்னத் தெருவாகப் பார்த்துக் கடை போடுவதே உத்தமம். தெருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்ம பாட்டு வாத்தியார்களைப் பாருங்கள். சுருதிப் பெட்டி இல்லாமல் அவர்களுக்குப் பொழுது விடியாது. எலெக்ட்ரானிக் தம்புரா பெட்டிக்கு ஆயிரக் கணக்கில் கொடுத்துப் பழகியவர்கள். அதே தம்புராவும் தபலாவும் ஃபோனிலேயே ஒழுங்காக ஒலித்தால் சில நூறுகள் கொடுக்கத் தயங்கமாட்டார்கள். ‘ஐ-தபலா-ப்ரோ’ மாதிரியான ஆப்கள் பல வருஷமாகக் காசுக்கு விற்பது இப்படித்தான். ஓசியில் வேறு தம்புரா கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் காதுள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரியும். பிரச்னை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பிரச்னைக்காக ஏற்கெனவே பர்ஸைத் திறந்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும்.

பர்ஸ் இல்லாவிட்டால் நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் எந்த வீட்டுக்கு எத்தனை கேன் கொடுத்தோம், எத்தனை காலிக் கேன் திரும்பி வந்தது என்று அட்டைப் பெட்டிக் கிழிசலில் எழுதிக்கொள்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி, யார் யார் மெயின்டனன்ஸ் பாக்கி என்று ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் (போன வருஷ செக்ரட்டரியிடமிருந்து அந்த நோட்டை வாங்கவே ஒரு பஞ்சாயத்து). கல்யாண கான்ட்ராக்டர் 400 பேருக்கு எத்தனை கிலோ பருப்பு என்று மனசிலேயே வைத்திருக்கிறார். தினம் எழுதுகிற, எழுத மறந்தால் காசு போகிற நோட்டு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு ஆப்புக்கு இடம் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். புரோகிராம் எழுதுமுன் அவர் பக்கத்தில் நாலு நாள் நின்று பாருங்கள். வெயிலில், ஈரக் கையோடு, ஒற்றை விரலால் ஃபோனைத் தொடுகிறவருக்கு உங்கள் அழகான சின்னப் பட்டன்கள் பிரயோஜனப்படாது.

இப்போது காசு.

விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். யாரிடமும் கை நீட்ட வேண்டாமே! ஆனால் விளம்பரம் என்பது லட்சக் கணக்கில் கூட்டம் வருகிற கடைக்கு. உங்களுடையது சின்னத் தெரு. 500 தண்ணீர் கேன்காரர்கள் பார்க்கும் விளம்பரத்தில் மாசம் ஒரு டிபன் தேறினால் பெரிசு. அதோடு அவசரத்தில் கணக்கு எழுத வந்தவர் முகத்தில் ரம்மி விளம்பரம் வந்து குதித்தால் அவர் அட்டைக் கிழிசலுக்கே திரும்பிப் போய்விடுவார்.

ஒரே தடவை விலை என்பது இரண்டாவது வழி. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இன்றைக்கு 200 ரூபாய் கொடுத்தவருக்கு ஏழு வருஷம் கழித்தும் புது ஆண்ட்ராய்டில் ஆப் வேலை செய்யவேண்டும். அந்த வேலையை நீங்கள்தான் ஓசியில் பார்க்கவேண்டும். அதனால்தான் மாசச் சந்தா, வருஷச் சந்தா என்று எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். பால் கார்டு மாதிரி.

மாசம் 99 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் கமிஷன் உண்டு. 2008-ல் ஆப்பிள் கடை திறந்தபோது 30 சதவிகிதம். 2021-ல் ஆப்பிளும் கூகுளும் சின்ன ஆட்களுக்கு, அதாவது வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரை, 15 சதவிகிதமாகக் குறைத்தன. அந்த 15-ஐக் கழித்தால் உங்கள் கைக்கு 84 ரூபாய் 15 காசு. ஆபீஸில் 50,000 ரூபாய் சம்பளம் என்றால், அதை ஈடுகட்ட 595 பேர் மாசா மாசம் தவறாமல் கொடுக்கவேண்டும். வருஷத்துக்கு 499 என்று வாங்கினால் 1,415 பேர். வரி தனி.

595 என்பது பயமுறுத்துகிற எண்ணா, தைரியம் தருகிற எண்ணா? எனக்கு இரண்டுமாகத்தான் தெரிகிறது. லட்சம் பேர் வேண்டாம் என்பது தைரியம். ஆனால் அந்த 595 பேரில் மாசம் 30 பேர் கழன்றுகொண்டால், வேறு 30 பேரைப் பிடித்த பிறகுதான் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கமுடியும். பி.எஃப். கிடையாது, போனஸ் கிடையாது, ‘உடம்பு சரியில்லை’ என்று லீவ் லெட்டர் கொடுக்க ஆள் கிடையாது.

அதுவும் செலவு இல்லாத ஆப்பாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. டேவிட் ஸ்மித் என்பவரின் ‘விட்ஜெட்ஸ்மித்’ கதை சுவாரஸ்யமானது. ஐபோன் திரையில் கடிகாரம், காலண்டர், படம் எல்லாம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள உதவும் ஆப். 2020 செப்டம்பரில் ஆப்பிள் தன் புது மென்பொருளை வெளியிடுவதாக ஒரே ஒரு நாள் முன்னால்தான் சொன்னது. ஆப் செய்கிறவர்கள் அலறினார்கள். ஸ்மித் ஆப்பைத் தயாராக வைத்திருந்தார். சில நாளில் சின்னப் பெண்களெல்லாம் டிக்டாக்கில் தங்கள் திரை அலங்காரத்தைக் காட்ட, ஆப்பிள் கடையில் முதலிடம்! ‘ஒரே ராத்திரியில் வெற்றி’ என்று எழுதினார்கள். அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால் 12 வருஷம், ஐம்பதுக்கு மேற்பட்ட ஆப்கள். அதில் பெரும்பாலானவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அந்த விட்ஜெட்ஸ்மித்தில் கடிகாரம் இலவசம், வானிலைக்குச் சந்தா. ஏன்? கடிகாரம் உங்கள் ஃபோனுக்குள்ளேயே ஓடுகிறது. வானிலையை வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கவேண்டும். ஒவ்வொரு தடவை மேகம் காட்டும்போதும் ஸ்மித் பாக்கெட்டிலிருந்து சில்லறை போகிறது. எது உங்களுக்குச் செலவோ அதற்குக் காசு கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் கிறிஸ்டியன் செலிக் என்பவர் ‘அப்பல்லோ’ என்று ஒரு ஆப் வைத்திருந்தார். ‘ரெட்டிட்’ என்ற பெரிய தளத்தைச் சௌகரியமாகப் படிக்க உதவுவது. ரசிகர்கள் ஏராளம். 2023-ல் ரெட்டிட் இனிமேல் தகவலுக்குக் காசு என்றது. அவர் கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர்! ஜூன் 30-ம் தேதி கடையைச் சாத்தினார். சாத்தினது மட்டுமா? வருஷச் சந்தா கட்டியவர்களுக்குத் திருப்பித் தரவேண்டியது சுமார் இரண்டரை லட்சம் டாலர். முடிந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லுங்களேன் என்று கேட்கும்படி ஆயிற்று. ஆப் வைக்கப் போய் ஆப்பு வாங்குவது என்பது இதுதான்!

நம்ம தாம்சனுக்கும் ஒரு தரம் வந்தது. 2014-ல் ஐபோனின் அறிவிப்புப் பலகையில் கால்குலேட்டரை வைத்தார். கூடாது, எடு என்றது ஆப்பிள். பத்திரிகைகள் சத்தம் போட்ட பிறகு, சரி இருக்கட்டும் என்று இறங்கி வந்தது. ஐபேடிலோ ஆப்பிள் 2010-லிருந்து 14 வருஷம் கால்குலேட்டரே வைக்கவில்லை, 2024-ல்தான் வைத்தது. அதற்கும் பி-கால்க் சாகவில்லை. பெரிய கம்பெனி எல்லோருக்கும் பொதுவாக ஒன்று செய்யும். 2, 3, + என்று தட்டுகிற கிராக்கிகளுக்காக அது ராத்திரி கண் விழிக்காது.

இனி உங்கள் விஷயம். முதல் வேலை, பீரோவிலிருந்து அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும் வரை நீங்கள் உருவாக்குவதெல்லாம் கம்பெனிக்கே சொந்தம், வெளியில் வேறு தொழில் கூடாது என்கிற மாதிரி ஒரு பாரா பல கம்பெனிகளின் ஆர்டரில் இருக்கும். சேர்ந்த அன்றைக்கு சந்தோஷத்தில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருப்போம். இருந்தால் எழுத்தில் அனுமதி கேட்டு வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

கூகுள் கடையில் இடம் பிடிக்க ஒரே தடவை 25 டாலர். ஆப்பிளில் வருஷா வருஷம் 99 டாலர். நம்ம தெருக்களில் ஆண்ட்ராய்டுதான் அதிகம் என்பதால் கூகுளில் தொடங்குவது புத்திசாலித்தனம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபராகப் பதிவு செய்தவர்களுக்கு அங்கே ஒரு பரீட்சை உண்டு. ஆப் கடைக்கு வருமுன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் அதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில் 12 ஆக இறக்கினார்கள். இன்னொன்று, காசு வாங்கும் ஆப் என்றால் உங்கள் முழு விலாசமும் கடைப் பக்கத்தில் தெரியும். வீட்டில் சொல்லி வையுங்கள், யாராவது ‘கேன் கணக்கு சார் வீடு இதுதானே?’ என்று வந்து நிற்கலாம்.

அந்த 12 பேருக்கு மச்சினன், மாமனார், பக்கத்து சீட் நண்பர் என்று ஆள் சேர்க்கத்தான் கை வரும். செய்யாதீர்கள். மச்சினன் ‘சூப்பர் மாமா’ என்பார். ஆப்பைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார். 12 கேன்காரர்களைப் பிடியுங்கள். பத்தாவது நாள் ஒருத்தர் ஃபோன் பண்ணி, ‘என்னா சார், காலிக் கேனுக்கு டெபாசிட் வாங்குறோமே, அத எங்க போடுறது? ஒண்ணுமே காணுமே’ என்று சத்தம் போடுவார். ‘ஸாரிண்ணே, நாளைக்கு வந்துரும்’ என்று சொல்லிவிட்டு ராத்திரியே அதைச் சேர்த்துக் கொடுங்கள். காலையில் அதே அண்ணனிடம் கேளுங்கள்: ‘அண்ணே, அடுத்த மாசத்திலேருந்து 99 ரூபா. இருக்கீங்களா?’